தாங்கக்கூடிய பாரத்தைத்தான் தருவாரா?

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மரணமோ தீராத வருத்தமோ வாசற்படி ஏறிவிட்டால், விசாரிக்க வருகிறவர்களில் ஒருவராவது சொல்லாமல் விடாத வார்த்தை ஒன்று உண்டு. "தாங்க ஏலாத பாரத்த ஆண்டவர் ஒருநாளும் தரமாட்டார், மகள்." கல்லாற்றிலும் இதைக் கேட்டிருக்கிறேன், கல்முனையிலும் தம்பிலுவிலிலும் புளியந்தீவிலும் கேட்டிருக்கிறேன். மெதடிஸ்தர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் என்ற வேறுபாடு இதில் கிடையாது. சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அவர்களில் பலர் என்னைவிட நெடுங்காலம் முழங்காலில் நின்றவர்கள். ஆயினும் இந்த வார்த்தை வேதாகமத்தில் இல்லை. வேதாகமம் சொல்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. துன்பத்தில் கிடக்கிற ஒருவர் பற்றிக்கொள்ளக்கூடியதும் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். என் கணவரின் சிறுநீரகங்கள் செயலிழந்து, அவரோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த ஆண்டுகளில் அந்த எண்ணம் எனக்குள் வேரூன்றியது.

முதலில் வசனத்தைப் பார்ப்போம். இந்த ஆறுதல் மொழி முதலாம் கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்திலிருந்து கிளைத்திருக்கிறது. "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்" என்று பவுல் அங்கே எழுதுகிறார். அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறவருக்கு, அவர் எதைப்பற்றிப் பேசுகிறார் என்பதில் ஐயம் எழாது. வனாந்தரத்தில் மன்னாவைப் புசித்தும் இஸ்ரவேலர் விக்கிரகங்களின் பின்னே போனார்கள், வேசித்தனம்பண்ணினார்கள், முறுமுறுத்தார்கள். கொரிந்து பட்டணத்தாரே, நீங்களும் அப்படி விழுந்துவிடாதீர்கள் என்று அவர் எச்சரிக்கிறார். அடுத்த வசனமே "விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள்" என்று முடிகிறது. பாவத்துக்கு இழுக்கப்படுகிற மனிதனுக்குத் தப்பியோடத் தேவன் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறார், ஆகவே வேறு வழி இருக்கவில்லை என்று அவன் சாக்குச் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். புற்றுநோயையோ கடலில் போன பிள்ளையையோ காட்டி, இது உன் திராணிக்கு உட்பட்டதுதான் என்று சொல்வதற்கு அந்த வசனத்தில் இடமில்லை.

துன்பத்தின் பாரத்தைப்பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபம் இருக்கிறது. அதன் முதல் அதிகாரத்தில், ஆசியாவிலே தங்களுக்கு நேரிட்ட உபத்திரவத்தைச் சொல்லும்போது, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம் எங்களுக்கு உண்டாயிற்று" என்று எழுதுகிறார். பலத்துக்கு மிஞ்சின பாரம் என்று எழுதியவர் ஓர் அப்போஸ்தலர். பிழைக்கமாட்டோம் என்று தான் முடிவுகட்டிவிட்டதை அவர் மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. அந்த நிலை எதற்காக வந்தது என்பதற்கு அவர் கூறும் விடையைத்தான் நான் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: நாங்கள் எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கும்படிக்கு. தாங்கக்கூடிய பாரத்தைத்தான் தருவார் என்கிற வாக்கியம் நம்முடைய தாங்கும் சக்தியைக் காட்டி, அதை நம்பச் சொல்கிறது. பவுலோ அந்தச் சக்தி முற்றாகத் தீர்ந்துபோன இடத்தில் நின்றுகொண்டு வேறொருவரை நம்புகிறார்.

என் கணவர் தச்சு வேலை செய்தவர். எங்கள் ஆலயத்து வாங்குகளில் சிலவற்றை அவரே இழைத்து முடித்தார். சீனி வருத்தமும் பிரசரும் சேர்ந்து சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டன என்று தெரியவந்தபோது, இரத்தச் சுத்திகரிப்பு தவிர வேறு வழியில்லாத கட்டத்துக்கு வந்திருந்தார். இடது முன்கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து ஒரு சிறிய சத்திரசிகிச்சை செய்தார்கள். பிஸ்டுலா என்பார்கள். ஊசி ஏற்றுவதற்கு ஏற்றபடி நாளம் தடிப்பதற்கான ஏற்பாடு அது. அது வேலை செய்கிறதா என்பதை நாள்தோறும் பார்க்கவேண்டும் என்று தாதி சொல்லிக்கொடுத்தார். விரல் நுனிகளை அந்தத் தழும்பின்மேல் மெல்ல வைத்தால், தோலுக்குக் கீழே இடைவிடாத ஓர் அதிர்வு ஓடுவதை உணரலாம். அந்த அதிர்வு நின்றுவிட்டால் உடனே ஓடிவர வேண்டும். படுக்கப்போகுமுன் நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். தாதி சொன்ன இன்னொன்று அவரை மிகவும் வாட்டியது: இந்தக் கையால் இனிப் பாரம் தூக்கக்கூடாது. மரப் பலகையைத் தோளில் ஏற்றி வாழ்ந்தவருக்கு, பாரம் தூக்காதே என்று ஆஸ்பத்திரி சொல்கிறது. உன்னால் தாங்கக்கூடிய பாரம்தான் இது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

கிழமையில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அவருடைய இரத்தம் ஒரு குழாயால் வெளியேறி மறு குழாயால் திரும்பி வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் கொடுமையாகத் தெரியும். வீட்டிலிருந்தவர்களுக்குத் தண்ணீரே கொடுமை. சிறுநீர் போகாத உடலில் குடித்ததெல்லாம் தங்கிவிடும். கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோக்கும், மூச்சு முட்டும். ஆகவே நாளொன்றுக்கு அரை லீற்றர். தேநீர், கறியின் குழம்பு, மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். வைகாசி மாதத்து மட்டக்களப்பு வெயிலில் அது என்ன என்பதை இந்த ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலையில் ஒரு போத்தலில் அளந்து ஊற்றி வைப்பேன். பின்னேரம் மூன்று மணிக்கு அதன் அடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அவர் பார்க்கும் பார்வையை நான் காணாதவள்போல் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

பார்க்க வந்தவர்கள் எங்கள் வழக்கப்படி இளநீர் கொண்டுவந்தார்கள். நோயாளிக்கு இளநீரைவிட நல்லது எது என்றுதான் இந்தக் கரையில் பிறந்த எவரும் நினைப்போம். ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் வேலைசெய்யாதவரின் இரத்தத்தில் அது கூடினால் இதயத்துடிப்பே நின்றுபோகலாம். வாழைப்பழமும் அப்படித்தான். வெட்டிய மரக்கறியைத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்கவேண்டும். அன்போடு வருகிற ஒரு பொருள் நோயாளியின் உடலுக்குள் என்ன செய்யும் என்பதை அறியாமல் கொடுத்துவிட முடியும் என்பதை நான் அந்த முற்றத்தில் கண்டேன். அந்த ஆறுதல் வார்த்தையைப்பற்றியும் எனக்கு அதே பயம் இருக்கிறது.

அது என்ன செய்கிறது என்று சொல்கிறேன். தாங்க முடிந்ததுதான் தரப்படும் என்றால், தாங்க முடியாமல் அழுகிறவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்றாகிறது. அழுகையை அவன் மறைக்கத் தொடங்குகிறான். போதகர் வரும்போது சிரிக்கிறான், ஜெபம் முடிந்தவுடன் "ஆமென்" என்று உரக்கச் சொல்கிறான், எல்லோரும் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். நோயின் பாரத்துக்குமேல், அதைத் தாங்குகிறவன்போல் நடிக்கிற பாரமும் சேர்கிறது. என் கணவர் பல மாதங்கள் அப்படித்தான் இருந்தார். ஓர் இரவு, தண்ணீர் மிடறும் முடிந்து, தூக்கமும் வராமல் இருந்தபோது, கூரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "எனக்கு இது ஏலாது எண்டு ஆண்டவருக்குத் தெரியாதா?" குரலில் கோபம் இருக்கவில்லை. பதில் தெரிய விரும்புகிற ஒரு பிள்ளையின் குரலாக இருந்தது. அடுத்த நாள் காலையில் அவருக்கு வாசிக்க நான் எண்ணாகமத்தை எடுத்தேன்.

எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தை நாங்கள் ஆலயத்தில் அதிகம் வாசிப்பதில்லை. இறைச்சி வேண்டுமென்று ஜனங்கள் கூடாரவாசல்தோறும் நின்று அழுகிறார்கள். மோசே கர்த்தரிடம் திரும்பி, இந்த ஜனங்களை நானா பெற்றேன், பால் குடிக்கிற பிள்ளையைப்போல் இவர்களை மார்பிலே சுமந்துகொண்டு போ என்கிறீரே என்று முறையிடுகிறார். "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது, எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது." இப்படியே செய்வீரானால் என்னைக் கொன்றுபோடும் என்றுகூடச் சொல்கிறார். அதற்குத் தேவன் என்ன மறுமொழி கொடுத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். உன்னால் முடியும் என்று அவர் சொல்லவில்லை. முறையிட்டதற்காக மோசேயைக் கடிந்துகொள்ளவும் இல்லை. மூப்பரில் எழுபதுபேரைக் கூட்டிக்கொண்டு வா, நீ ஒருவன்மாத்திரம் சுமக்காமல் அவர்களும் உன்னோடேகூடச் சுமப்பார்கள் என்கிறார். பாரம் மிஞ்சினது என்பதைத் தேவன் ஒப்புக்கொண்டார். சுமக்கிற தோள்களின் தொகையைக் கூட்டினார்.

எலியாவின் கதையும் இதற்குச் சாட்சி. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டவரைத் தூதன் தட்டியெழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடு, நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். பிரசங்கம் பிறகு வருகிறது. முதலில் அப்பமும் தூக்கமும்.

இவற்றை வாசித்தபின் என் கணவர் செய்த காரியம் எளியது. சேகரத்துக் குருவானவர் அடுத்த முறை வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, "ஏலாம இருக்கு ஐயா" என்றார். குருவானவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசித்தார்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அந்த வாசிப்பைக் கேட்டு என் கணவர் அழுதார், அதன்பிறகு எங்கள் வீட்டு ஜெபத்தின் குரலே மாறியது. நோய்க்காக நன்றி சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். நோயில் தன்னோடு இருப்பவருக்கு நன்றி சொன்னார், நோயை எடுத்துவிடும்படி ஒவ்வொரு நாளும் கேட்டார். கேட்டது கிடைக்காத நாளிலும் கேட்டார். தேவன்மேல் நம்பிக்கையாயிருப்பது என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால், ஒருவர் தான் நம்பாத ஆளிடம் இத்தனை நாட்கள் விடாமல் முறையிடமாட்டார் என்பதையே சொல்வேன்.

தோள்கள் எப்படி வந்தன என்பதையும் எழுதியாக வேண்டும். 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளை எவரும் மறந்திருக்கமாட்டோம். இரவு முழுவதும் வாகனங்கள் வீதியோரம் கிடந்த அந்த மாதங்களில், ஆஸ்பத்திரி முறையைத் தவறவிட முடியாத ஒரு நோயாளியை வைத்துக்கொண்டிருந்த வீடுகளில் என்ன நடந்தது என்பது தனியே எழுதவேண்டிய கதை. எங்களை ஏற்றிச்சென்றவர் மருதமுனையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஓட்டோக்காரத் தம்பி. மற்ற ஓட்டங்களை விட்டுவிட்டு, எங்களுடைய இரண்டு நாட்களுக்கும் போதுமான பெற்றோலை ஒதுக்கி வைத்திருந்தார். "மாமாட முறை தப்பக்கூடாது" என்பார். ஆலயத்துப் பெண்கள் ஜெபக்கூட்டத்தார் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதி, யார் கூடப் போவது, யார் சமைத்துக் கொடுப்பது, யார் என் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவருவது என்று முறை வைத்தார்கள். மரக்கறியை ஊறவைத்து அவிக்கும் விதத்தை என்னிடம் வந்து கேட்டுப் படித்துக்கொண்டு போனார்கள். நான் அவர்களை எழுபது மூப்பர்களோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன், அந்தத் தம்பியையும் சேர்த்து.

இவ்வளவும் ஒரு வீட்டுக் கதை. இந்தக் கரை முழுவதற்கும் வந்த பாரங்களை நினைக்கும்போது அந்த ஆறுதல் வாக்கியம் இன்னும் பொருந்தாமற் போகிறது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை அடித்தபோது, நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய மணல் திட்டில் வீடுகளே இல்லாமற் போயின. கல்லடி, கல்முனை, பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரம் முழுவதும் இழவு. இலங்கை முழுவதிலும் அம்பாறை மாவட்டத்திலேதான் உயிரிழப்பு மிக அதிகம். அதற்கு முன் 1978ஆம் ஆண்டுச் சூறாவளி; போர்க்காலத்தில், 1990இல் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களுக்காக இன்னும் கதவைப் பூட்டாமல் படுக்கிற தாய்மார். பின்னர் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தின் வாசலில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் போய், இது உங்களால் தாங்கக்கூடியது என்பதனால்தான் தரப்பட்டது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதைக் கேட்கிற தாய், நான் பலவீனமானவளாக இருந்திருந்தால் என் பிள்ளை இருந்திருக்குமோ என்று நினைக்கமாட்டாளா?

விளக்கம் சொல்லும் அவசரம் ஆழிப்பேரலைக்குப் பின்னும் இருந்தது. இது நியாயத்தீர்ப்பு என்று சிலர் பிரசங்கித்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சிகளில் ஆண்டவர் எங்களைக் காத்தார் என்று கேட்டபோது, பின்வரிசையில் இருந்த, காக்கப்படாத பிள்ளைகளின் தகப்பன்மார் தலை குனிந்தார்கள். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் இதே கேள்வி இயேசுவிடம் வருகிறது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டி, அவர்களுடைய இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்தான் என்று வந்து சொல்கிறார்கள். ஆராதனையில் இருந்தவர்கள் ஆராதனையிலேயே கொல்லப்பட்டார்கள். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அந்தப் பகுதியை என்னால் பழைய கண்ணோடு வாசிக்க முடியவில்லை. அவர்கள் மற்றவர்களைப் பார்க்கிலும் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப்பேரையும் தாமே நினைவுபடுத்தி, அவர்களுக்கும் இல்லை என்கிறார். ஏன் நடந்தது என்று அவர் சொல்லவில்லை. மனந்திரும்புங்கள் என்று உயிரோடு நின்று கேட்டவர்களுக்குச் சொல்லுகிறார். இறந்தவர்கள்மேல் ஒரு காரணத்தையும் சுமத்தவில்லை. அவர் சுமத்தாத காரணத்தைச் சுமத்துகிற உரிமை எங்கள் மேடைகளுக்கு எங்கிருந்து வந்தது?

எங்கள் சபையின் தொடக்கமே இந்தப் பாடத்தைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த மிஷனரிகளில் வில்லியம் ஓல்ட் ஒருவர். வழியிலேயே அவருடைய மனைவி இறந்தார். 1814 மே 3 அன்று தலைவரான கோக் இறந்தார். அவரையும் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். ஜூன் 29 அன்று மற்றவர்களில் பெரும்பாலோர் காலியில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்கு இருவர் சேர்ந்து போனார்கள். மட்டக்களப்புக்கு ஓல்ட் தனியே வந்தார். பள்ளிகளைத் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 அன்று, வந்து ஓராண்டு நிறையுமுன்னே, நோயினால் இறந்துபோனார்.

ஆண்டு விழாக்களில் இந்த வரலாற்றைச் சொல்லும்போது உடனே மெதடிஸ்த மத்திய கல்லூரிக்குத் தாவிவிடுகிறோம். 1814இல் அவர் தொடங்கியது இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது, விதை வீண்போகவில்லை என்கிறோம். உண்மைதான், அந்தக் கல்லூரியால் வாழ்வு பெற்ற குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆனால் ஓல்ட் அதைப் பார்க்கவில்லை. மனைவியைக் கடலில் விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில், காய்ச்சலில் கிடந்த அந்த மனிதருக்குக் கல்லூரியின் இருநூறாவது ஆண்டு விழா ஆறுதலாக இருந்திருக்க முடியாது. எங்களுக்குக் கிடைத்த நன்மையைக் காட்டி அவருடைய துயரத்தின் கணக்கைச் சரிசெய்துவிட முடியாது. எபிரெயர் பதினோராம் அதிகாரம் விசுவாச வீரர்களைப்பற்றி, வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு மரித்தார்கள் என்று மிகத் தெளிவாகச் சொல்கிறது. அவர்களுடைய நம்பிக்கை இந்தப் பக்கத்தில் பலிக்கவில்லை. மரித்தோரை எழுப்புகிறவர் ஒருவர் உண்டு என்பது பொய்யானால் அவர்கள் ஏமாந்தவர்கள். அது மெய்யானால் அவர்களுக்குச் சேரவேண்டியது இன்னும் மீதியிருக்கிறது. நடுவில் வேறொரு நிலை எனக்குத் தெரியவில்லை.

இப்படியெல்லாம் சொன்னால் விசுவாசம் தளர்ந்துபோகாதா, தேவனுடைய ஆளுகையை மறுப்பதாகாதா என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு மூத்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறதே என்றார். சொல்கிறது, அதை நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த வசனத்துக்கு முன்னே இருக்கிறதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். சர்வ சிருஷ்டியும் தவிக்கிறது, ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் தவிக்கிறோம், ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாமலிருக்கிற நமக்காக ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் என்று பவுல் எழுதிவிட்டுத்தான் அந்த வசனத்துக்கு வருகிறார். பெருமூச்சைத் தாண்டிக் குதித்து அந்த வசனத்தை மட்டும் எடுத்து இழவு வீட்டுத் திண்ணையில் வைக்கிறவர், பவுல் வைத்த இடத்தில் அதை வைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கெத்செமனே இருக்கிறது. என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சொன்ன இயேசு, சீஷர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்." தேவகுமாரன் தனியே தாங்க விரும்பவில்லை. பாத்திரம் நீங்கும்படி கேட்டார், மூன்று முறை கேட்டார், நீங்கவில்லை. சிலுவையைச் சுமந்து போகும் வழியில் சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். எனக்கு ஏலாது என்று சொல்வது அவிசுவாசமானால், அந்தத் தோட்டத்தில் நடந்ததை நாங்கள் என்னவென்று சொல்வது? எனக்கு இதுவே போதுமான பற்றுக்கோடாக இருந்தது. தாங்க முடியாததைத் தாங்க முடியாததென்று அறிந்தவரிடம்தான் நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

என் கணவர் பெரும்போக அறுவடைக் காலத்தில், ஒரு விடியற்காலையில் போய்விட்டார். கடைசிக் கிழமைகளில் இதயம் பலவீனப்பட்டிருந்தது. சுகமாக்கும்படி நாங்கள் கேட்ட ஜெபத்துக்கு இந்த உலகத்தில் கிடைத்த பதில் "இல்லை" என்பதே; அதை வேறு வார்த்தைகளால் மூடி மெழுக எனக்கு விருப்பமில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை முப்பத்தோராம் நாள் ஜெபத்தில் வாசிக்கும்படி நானே கேட்டுக்கொண்டேன். நண்பனும் தோழனும் தூரமாக்கப்பட்டார்கள் என்ற முறைப்பாட்டோடு, ஒரு வெளிச்சமும் காட்டாமல் முடிகிற சங்கீதம் அது. இப்படி ஒன்று வேதாகமத்தில் இருக்கிறதா என்று சிலர் வியந்தார்கள். இருக்கிறது, அதைப் பாடவும் தேவன் இடங்கொடுத்திருக்கிறார். அதே நாளில் மரித்தோரின் உயிர்த்தெழுதலைப்பற்றிய முதலாம் கொரிந்தியர் பதினைந்தாம் அதிகாரத்தையும் வாசித்தோம். இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே மாலையில் வாசிக்க முடிந்தது. அவரை நான் மறுபடியும் காண்பேன் என்று விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசம் வெறுமையாகக் கிடக்கிற கட்டிலின் பாதியை நிரப்பவில்லை. இரண்டும் உண்மை.

மேலே எழுதிய ஆசியாவின் உபத்திரவத்தைச் சொல்லி முடித்தவுடன் பவுல் கொரிந்தியரிடம் ஓர் உதவி கேட்கிறார்: நீங்களும் விண்ணப்பத்தினால் எங்களுக்கு உதவிசெய்யுங்கள் என்கிறார். அந்தப் பந்தியின் இயல்பான முடிவு அதுதான். பலத்துக்கு மிஞ்சியது என்று சொன்னவர் அடுத்த மூச்சில் ஆட்களைக் கூப்பிடுகிறார். எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இப்போது வீடு சந்திக்கப் போகும்போது வசனம் எதையும் ஆயத்தம் செய்துகொண்டு போவதில்லை. அங்கே உள்ளவர்கள் பேசும்வரை காத்திருக்கிறோம். பேசாவிட்டால் கூட இருந்துவிட்டு வருகிறோம். எதைக் கொண்டுவரலாம் என்று முன்கூட்டியே கேட்கிறோம்.

போன கிழமை பெரியநீலாவணைப் பக்கத்தில், கணவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியிருக்கிற ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தத் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இது ஏலாது அக்கா" என்றார். "ஓம், ஏலாதுதான்" என்றேன். வெகுநேரம் அழுதார். பிறகு தேநீர் வைத்தார், கொப்பியை எடுத்தோம். வெள்ளிக்கிழமைகளில் கூடப் போக இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆள் வேண்டும்.